செல்லம்மை வீட்டுக் கதவு

மக்கா,

உன் கடிதம் போன சனிக்கிழமை மத்தியானம் வந்தது. தபால்காரர் வாசலில் நின்று, முன்சீப் அம்மாவின் எழுத்து வந்திருக்கிறது என்று பெருமையாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். உன் அம்மை கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வாசியுங்கள் வாசியுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சத்தமாக வாசிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். கண்ணாடி சரியில்லை என்று சொன்னேன். கண்ணாடிக்கு ஒரு கேடும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. இன்று வெள்ளிக்கிழமை. அது இன்னும் இறங்கவில்லை.

நீ எழுதியிருந்ததை நானே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், பிறகு அப்பா ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டார் என்று நீ நினைக்கக் கூடாது. நாகர்கோவிலில் இரண்டு மாநிலத்துப் புது நீதிபதிகளும் அரசு வக்கீல்களும் கோர்ட் ஊழியர்களும் ஒரே ஹாலில் உட்கார்ந்து பயிற்சி எடுக்கிறீர்கள். வருகிற திங்கட்கிழமைப் பாடம், ஒரு மாநிலத்துக் கோர்ட்டின் காகிதத்தை எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆளின் கையில் சேர்ப்பது எப்படி என்பது. ஆளுக்கு ஒரு பழைய வழக்குக் கட்டு கொண்டுவரச் சொன்னார்கள். நீ எங்கள் கோர்ட்டின் ரெக்கார்டு அறைக்குப் போய், தேடித் தேடி, என் கையெழுத்து இருந்த ஒன்றை எடுத்திருக்கிறாய். "இவ்வளவு ஒழுங்காக எழுதிய சம்மன் ரிப்போர்ட்டை எங்களுக்குப் பாடம் எடுப்பவரே பார்த்ததில்லையாம் அப்பா, திங்கட்கிழமை நான் அதை ஹாலில் வாசிக்கப்போகிறேன்" என்று எழுதியிருக்கிறாய். பழைய ஊழியர்களையும் அழைக்கிறார்கள், நீங்கள் கட்டாயம் வரவேண்டும், ஞானதாஸ் மாமாவும் வருகிறார் என்று கடைசியில் சேர்த்திருக்கிறாய்.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் பாறசாலை ஸ்டேஷன் பக்கத்து டெலிபோன் பூத்துக்குப் போனேன். உன் குரல் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டேன். சாப்பிட்டாயா, அங்கே கொசு உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். இரண்டு நாளும் அதே கேள்வி. நீ என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாய். இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. எழுதத்தான் முடிகிறது.

முப்பத்தோரு வருடம் சம்மன் கொண்டு நடந்தவன் நான். பதவிக்குப் பெயர் பிராசஸ் சர்வர், ஊரார் வாயில் ஆமீன். உண்மையாகப் போய் எழுதிய ரிப்போர்ட் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். உதியன்குளங்கரையில் ஒரு வீட்டில் நாய் விரட்டி, ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்து, 'நாய் காரணம் உள்ளே செல்ல இயலவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். சம்மன் பிரிவுக்குத் தலைவரான நாசர் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார், ஒரு வாரம் நான் நாய்க்காரன் ஆனேன். கடற்கரைப் பக்கம் போனால் ஆள் கடலில் இருப்பான், வீட்டுப் பெண்கள் பேனாவைக் கண்டாலே உள்ளே போய்விடுவார்கள். சாட்சிக்குக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரன் பின்வழியாக நழுவிவிடுவான். மணி குறிக்க மறந்துபோகும், மழையில் மை கலங்கும். நான் எழுதிய எல்லாவற்றிலும் எங்காவது ஒரு ஓட்டை இருக்கும். நீ எடுத்திருக்கிற ரிப்போர்ட்டில் மட்டும் ஓட்டையே இல்லை. காரணம், நான் அந்த வீட்டுக்குப் போகவே இல்லை.

எழுதிவிட்டேன். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மேலே எழுதுகிறேன்.

பனச்சமூடு சந்தையை நீ பார்த்திருக்கிறாய். ரோட்டுக்கு இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. மீனும் மரச்சீனிக் கிழங்கும் கோழியும் நாள் முழுக்க ரோட்டைக் கடக்கும், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். கோர்ட் சம்மன் மட்டும் கடக்க முடியாது. ஆள் அந்தப் பக்கம் குடியிருந்தால், 'இங்கே குடியில்லை' என்று நான் எழுதித் திருப்பவேண்டும். எங்கள் கோர்ட் அதை அக்கரைக் கோர்ட்டுக்கு அனுப்பும், அங்கிருந்து அவர்களுடைய ஆள் கொண்டுபோவார், பிறகு வந்த வழியே எல்லாம் திரும்பி வரவேண்டும். அதற்குள் மூன்று நான்கு வாய்தா போய்விடும். நாசர் எங்கள் தலையில்தான் கத்துவார். அக்கரைக் கோர்ட்டில் ஞானதாஸ் அதே வேலையில் இருந்தான், அவனுக்கும் அதே ஏச்சுத்தான். அதனால் நாங்களே ஒரு வழி கண்டுபிடித்தோம். புதன்கிழமைதோறும் பனச்சமூட்டில் ஒரே சாயாக்கடையில் உட்காருவோம். என் சம்மன்களை அவன் வாங்கிக்கொள்வான், அவனுடையதை நான் வாங்கிக்கொள்வேன். அடுத்த புதன்கிழமை ஆளின் கையெழுத்தோடு மாற்றிக்கொள்வோம். 'நேரில் சென்று கொடுத்தேன்' என்று அவரவர் ரிப்போர்ட்டில் எழுதிவிடுவோம். ஆளுக்குக் காகிதம் கிடைத்துவிட்டதே, இதில் என்ன தப்பு என்று நினைத்தோம். உண்மையைச் சொன்னால், எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

நீ பிரீ டிகிரி படித்துக்கொண்டிருந்த வருடம் செல்லம்மை என்ற பெண்ணின் பெயரில் ஒரு சம்மன் வந்தது. புருஷன் இறந்தவள், பிள்ளைகள் இல்லை. புருஷன் வழியில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் அவளுக்குக் கொஞ்சம் ரப்பர் நட்ட மண் இருந்தது. அது தன்னுடையது என்று கொழுந்தன் வழக்குப் போட்டிருந்தான். அவள் குடியிருந்தது அந்தப் பக்கம். கொழுந்தன் மண்ணின் விலாசத்தையே அவள் விலாசமாகக் கொடுத்திருந்தான். வழக்கம்போல நான் சம்மனை ஞானதாஸ் கையில் கொடுத்தேன். அடுத்த புதன் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த புதனும் வரவில்லை. அவன் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். மறுநாள் வாய்தா. அந்த மாதம் நாசர் எனக்கு ஏற்கெனவே ஒரு மெமோ கொடுத்திருந்தார், இன்னொன்று வந்தால் சஸ்பென்ஷன் என்று சொல்லியிருந்தார். எழுந்து ரோட்டைக் கடந்து விசாரித்திருந்தால் அரை மணி நேரத்தில் அவள் வீட்டைக் கண்டுபிடித்திருப்பேன். அதைச் செய்யாமல், சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே எழுதினேன். பதினொன்று இருபதுக்குச் சென்றேன், பிரதிவாதி நேரில் இருந்தும் வாங்க மறுத்தார், வீட்டின் வெளிக்கதவில் ஒட்டினேன். வடக்கே பலா, கிழக்கே கிணறு என்று பார்க்காத வீட்டுக்கு அடையாளமும் சேர்த்தேன். சாயா குடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். அதுதான் இப்போது உன் கையில் இருக்கிறது.

பிரதிவாதி ஆஜரில்லை என்று ஒருதலையாகத் தீர்ப்பாயிற்று. மண்ணுக்கு வேலி கட்ட ஆட்கள் வந்த அன்றுதான் அவளுக்கு வழக்கு என்று ஒன்று இருந்ததே தெரியும். யாரோ ஒரு வக்கீலைப் பிடித்து, தீர்ப்பை நீக்கவேண்டும் என்று மனுப் போட்டாள். என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். சத்தியம் வாங்கினார்கள். அவள் கீழே நின்று, நீதிபதி கேட்காமலே பேசினாள்.

"எனக்க வீட்டுக்குக் கதவே கெடயாது சாறே. சாக்குதான் தொங்குவு. இவரு எதுல ஒட்டினாரு?"

நீதிபதி என்னைப் பார்த்தார். மக்கா, அந்த நேரம் ஒரு வார்த்தை போதும், இல்லை என்று. நான் சொன்னேன், "கதவு உண்டு சார். பலாக்கதவு." பலா என்று யாரும் கேட்கவில்லை. பொய் தனியாக நிற்காதோ என்ற பயத்தில் நானாகச் சேர்த்தேன். இவ்வளவு தெளிவான ரிப்போர்ட்டைச் சந்தேகிக்கக் காரணமில்லை என்று மனுவைத் தள்ளினார்கள். அப்பீல் என்று ஒன்று உண்டு என்று அவளுக்கு யாரும் சொன்னார்களோ என்னவோ. அவள் பிறகு வரவில்லை. ஒரு மாதம் கழித்து ஞானதாஸ் வந்து, பையிலேயே கிடந்துவிட்டது என்று அந்தச் சம்மனை மடித்தபடி என்னிடம் திருப்பித் தந்தான். நான் என்ன எழுதிக் கொடுத்திருந்தேன் என்று என் வாயால் கேட்டதும் அவன் சாயாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோனான். அதோடு எங்கள் புதன்கிழமை முடிந்தது. அதனால்தான் ஞானதாஸ் மாமா நம் வீட்டுக்கு வருவதில்லை. நான் உனக்குச் சொன்ன சண்டைக் கதையெல்லாம் புளுகு.

அந்தச் சம்மனை எரித்துவிடலாம் என்று அடுப்படி வரை கொண்டுபோனேன். கோர்ட் முத்திரையைப் பார்த்ததும் அதற்கும் பயம். என் டிரங்குப் பெட்டியில் உன் ஜாதகத்துக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். அன்று முதல், மேலதிகாரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பயம், கோர்ட் வராந்தாவில் வெள்ளைச் சேலை கட்டிய வயதான பெண் யாராவது நின்றால் பயம். நீ வக்கீலுக்குப் படிக்கிறேன் என்றபோது நான் எப்படிக் குதித்தேன் என்று நினைவிருக்கிறதா? பி.எட். படி, டீச்சர் வேலை பெண்பிள்ளைக்கு அந்தஸ்து என்று இரண்டு நாள் உன்னோடு பேசாமல் இருந்தேன். பெண் என்று பார்க்கிறார் என்று நீ அழுதாய். அதற்காக அல்ல மக்கா. என்றாவது அந்தக் கட்டு உன் கையில் வரும் என்று பயந்தேன். நீ கறுப்புக் கோட்டுப் போட்ட அன்று காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். காய்ச்சல் இல்லை. நீ முன்சீப் தேர்வில் ஜெயித்தபோது ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தேன், அன்று மட்டும் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. உன் நல்ல நாட்கள் இரண்டை நான் கெடுத்திருக்கிறேன், அதற்கு என்னை மன்னித்துவிடு.

இனி இந்த வாரத்துக் கதை. உன்னிடம் மட்டும் சொன்னால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு உன்னை நினைத்துப் பார்த்தேன். நீ என்மேல் பாசமுள்ள பிள்ளை. அப்பாவைக் காப்பாற்ற அந்தக் கட்டைக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே வைத்துவிடுவாய், திங்கட்கிழமை வேறு ஒன்றை வாசிப்பாய். பிறகு ஆயுள் முழுக்க, எந்த ரிப்போர்ட்டைத் திறந்தாலும் என்னைப்போல நீயும் பயந்தபடியேதான் வாசிப்பாய். பென்ஷன் போவதைவிட, போலீஸைவிட எனக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. அதனால் புதன்கிழமை காலையில் பெட்டியைத் திறந்து, சம்மனை எடுத்துக்கொண்டு பனச்சமூட்டுக்குப் பஸ் ஏறினேன்.

ரோட்டைக் கடந்து, சந்தைக்குப் பின்னால் விசாரித்துக்கொண்டே போனேன். இருபது நிமிட நடைதான். வடக்கே பலா இல்லை, கிழக்கே கிணறும் இல்லை. சிறிய ஓட்டு வீடு. அவள் முற்றத்தில் மரச்சீனி தொலித்துக்கொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்துவிட்டது. பாறசாலையிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"கூண்டுல நின்ன சாறுல்லா" என்றாள்.

நான் வாசலைப் பார்த்தேன். அந்த வீட்டுக்குக் கதவு இருந்தது. பழைய வீடு இடித்த இடத்திலிருந்து வாங்கிய கதவு, வாசலைவிட அகலம், அதனால் சரியாக அடையாமல் சாய்ந்து நின்றது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவளே சொன்னாள்.

"பலாண்ணுல்லா சொன்னீரு. நானும் பலாவுல ஒண்ணு பாத்து வாங்கி வச்சேன். இனி ஒரு கடுதாசி வந்தா, ஒட்டதுக்கு எடம் இல்லாம ஆவப்பிடாது பாத்தீரா."

கோபமாகச் சொல்லவில்லை, குத்தலாகவும் சொல்லவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வெளியே வந்து கதவின் முன்பக்கத்தைத் தடவிப் பார்ப்பாளாம், ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று. எட்டொன்பது வருடமாக. என் பயம் என் பெட்டிக்குள் இருந்தது, அவள் பயம் வாசலில் நின்றது. நான் முற்றத்தில் உட்கார்ந்து அழுதேன் மக்கா. அவள் அழவில்லை.

எல்லாவற்றையும் சொன்னேன். சாயாக்கடை, ஞானதாஸ், நாசர், கூண்டு, எல்லாம். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அந்த மண் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, என் மகள் முன்சீப், அவளிடம் கேட்கிறேன் என்றேன். அதனால் இது அவள் உன்னிடம் கேட்கிற கேள்வி. சம்மனை எடுத்து அவளுக்கு முழுக்க வாசித்தேன். கொடுக்கப்போனபோது கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"கையில தரண்டாம். ஒட்டினேண்ணுல்லா சத்தியம் செய்தீரு. ஒட்டும்."

சம்மனின் கீழே வெற்றிடம் இருந்தது. அன்று நான் வரவே இல்லை, எழுதியதும் கூண்டில் சொன்னதும் பொய் என்று அதில் எழுதி, கையெழுத்தும் விலாசமும் போட்டேன். அவள் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பசைக்குக் கொஞ்சம் சோறு கொண்டுவந்து வைத்தாள். பிசைந்து ஒட்டினேன். இப்போது அது அங்கேதான் இருக்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லோரும் வாசிக்கலாம். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நேற்று உன் அம்மையிடம் சொன்னேன். அவள் முதலில் உன் வேலையைப்பற்றிக் கேட்பாள் என்று நினைத்தேன். "இத்தற வருசம் அந்தப் பெண்ணு எங்ஙன கழிஞ்சா?" என்றுதான் கேட்டாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இன்று காலையில் வந்து, கடிதத்தை எழுதுங்கள், நாளைக்கு நானே பஸ்ஸில் கொண்டுபோய்ப் பிள்ளையின் கையில் கொடுக்கிறேன், தபாலில் போட்டால் நீங்கள் பின்னாலேயே ஓடிப்போய்த் திரும்ப வாங்கிவிடுவீர்கள் என்றாள். சரிதான், வாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை நான் வருவேன். பயந்துகொண்டேதான் வருவேன். நீ கட்டை மாற்றாதே, என் பெயரை மறைக்காதே, நீ வாசிக்க நினைத்தபடியே வாசி. அது என் அப்பா எழுதியது என்றும் சொல். வாசித்து முடித்ததும் நான் எழுந்து நின்று மீதியைச் சொல்கிறேன். என் குரல் வராவிட்டால் ஞானதாஸ் சொல்வான், அவன் அன்றே எழுந்துபோனவன். அதற்குப் பிறகு பென்ஷனை நிறுத்தினாலும், பொய்ச்சத்தியத்துக்கு வழக்குப் போட்டாலும் நீ குறுக்கே வராதே. உன் அம்மைக்கு ஒரு வாய்ச் சோறு நீ போடுவாய் என்று எனக்குத் தெரியும். உன் முன்னால் என்றாவது ஒரு ஓட்டையும் இல்லாத ரிப்போர்ட் வந்தால், கீழே நிற்கிற ஆளை இன்னொரு தடவை பேசவிடு. வேறு புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஹாலில் நீ என்னைப் பார்க்கும்போது உன் முகம் எப்படி மாறும் என்பதுதான் இப்போது மிச்சமிருக்கிற பயம். அதையும் பார்த்துவிட்டுப் போகிறேன்.

உன் அப்பா

திங்கட்கிழமை அந்தக் கட்டில் சேர்த்துக்கொள்வதற்கு இந்த ரிப்போர்ட்டும் இதோடு இருக்கிறது:

புதன்கிழமை சென்றேன். மணி பார்க்கவில்லை. பிரதிவாதி செல்லம்மை வீட்டில் இருந்தார். வாசித்துக் கேட்பித்தேன். கையில் வாங்கவில்லை, கதவில் ஒட்டச் சொன்னார். கதவு உண்டு, அவர் பிறகு வைத்தது. சாட்சிக்கு யாரும் இல்லை. தூறலாக இருந்தது. ஒட்டினேன். ஒரு மூலை ஒட்டவில்லை.